பதினாறு படிவங்களும் ஒரே கையெழுத்தும்

குணத்தைப் பாடவேளை போட்டு நடத்தலாம் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்தபோது எனக்கு வந்தது எரிச்சல்தான். கணக்கு டீச்சருக்கு வேறென்ன வரும்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னத்தைக் கூட்டவே நாக்குத் தள்ளுகிறது. இதில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை என்னிடமிருந்து பிடுங்கி, ‘குணநலனும் வாழ்க்கைத் திறனும்’ என்று கால அட்டவணையில் எழுதி, அதையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் ஒன்று அது. புனேயை அடுத்த கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது எங்கள் பள்ளி. பெயருக்கு இங்கிலீஷ் மீடியம். பாடம் இந்தியில் நடக்கும், சண்டை மராத்தியில் நடக்கும். பிள்ளைகளின் அப்பாக்கள் பெரும்பாலும் லேத் பட்டறைகளில் வேலை செய்தார்கள். ஆசிரியர்கள் பதினாறு பேரில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

நான் புனேவுக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில், அண்ணன் குடும்பத்தோடு. அண்ணனுக்குக் கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. பிறகு அவனை ஆவடிக்கு மாற்றினார்கள். “இங்க தனியா கெடந்து என்னத்த செய்யப் போற? எங்ககூட வந்துரு” என்றான். வேலையை விட எனக்கு மனமில்லை. அண்ணியின் சமையலறையில் கல்யாணமாகாத நாத்தனாராகக் காலந்தள்ளவும் மனமில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பள்ளிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டேன். அந்த ஒரு வருஷம் அப்போது ஆறாவது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அண்ணனைக் கூப்பிடுவேன். “நல்லாருக்கியா? சாப்ட்டியா? சரி, மீட்டர் ஓடும், வச்சிரு” என்பான். அந்த வாரத்துக்கு என் தமிழ் அவ்வளவுதான்.

புதுப் பாடத்துக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு மண்டபத்தில் தரையில் உட்காரவைத்து, சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். எங்கள் பூகோள ஆசிரியர், “இந்த வயசுல எனக்குக் கோபத்தை அடக்கக் கத்துக் குடுக்குறாங்க மேடம்” என்று மராத்தியில் முணுமுணுத்தார். பத்து நிமிஷம் கழித்து, டீயில் சர்க்கரை இல்லை என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார்.

பயிற்சியில் கொடுத்த கையேட்டில் முக்கியமான பயிற்சிக்கு ‘வட்டம்’ என்று பெயர். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் அந்த வாரம் தனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்து இருப்பவர், கேட்டதை முதலில் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன்னுடையதை ஆரம்பிக்க வேண்டும். ஆசிரியருக்கும் விலக்குக் கிடையாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

முதல் மூன்று வாரம் நான் புளுகினேன். பக்கத்து வீட்டாரோடு கோயிலுக்குப் போனேன், சிநேகிதி வீட்டில் சாப்பிட்டேன் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பக்கத்து வீட்டார் யார் என்றே எனக்குத் தெரியாது. நான்காம் வாரம் தலைவலி. புளுகுவதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. முந்தின ஞாயிறு அண்ணன் வீட்டில் போனை யாரும் எடுக்கவில்லை. என் முறை வந்தபோது, “ஞாயிற்றுக்கிழமை நான் யாரோடும் பேசவில்லை” என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவள் வகுப்பின் ஒரே தமிழ்ப் பெண். அவள் அப்பா பிறந்ததே கட்கியில்தான். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஒருவருக்கும் அதை எழுதப் படிக்கத் தெரியாது. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு இந்தியில் சொன்னாள்: “டீச்சர் ஞாயிற்றுக்கிழமை யாரோடும் பேசவில்லை.” பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. என் வாக்கியத்தை இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் அந்த ஞாயிறு எவ்வளவு நீளமாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. அடுத்தது யார் என்று அதட்டிச் சமாளித்தேன்.

மணி அடித்த பிறகு அவள் மட்டும் வந்து நின்றாள்.

“டீச்சர், சச்சி, நெஜமாவே பேசலயா? ஒருத்தருகூடயும்?”

“போன் எடுக்கல.”

“அப்போ பாஜிவாலிகூடவாவது பேசணும்ல.”

அடுத்த வெள்ளிக்கிழமை நான் வட்டத்தில் உட்கார்ந்ததும் நாலைந்து பேர் ஒரே நேரத்தில், இந்த ஞாயிறு எப்படி என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஞாயிறு காலை, அந்தப் பெண் சொன்னபடி காய்கறிக்காரியிடம் போய், தேவையே இல்லாமல் இரண்டு கட்டு வெந்தயக்கீரை வாங்கி, எப்படிச் சமைப்பாய் என்று கேட்டு வைத்திருந்தேன். வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துப் போடச் சொல்லி, மிளகாய்க் கணக்குவரை அவள் கால்மணி நேரம் விளக்கினாள். அதை நான் சொல்ல, தமிழ்ப் பெண் திருப்பிச் சொல்ல, வெல்லம் கொஞ்சம் போட வேண்டும் என்று ஒருத்தன் என்னைத் திருத்தினான். அதற்கடுத்த ஞாயிறு ரேடியோ பழுது பார்ப்பவரிடம் பேசினேன். அதற்கும் அடுத்து, மாடியில் குடியிருந்த பிகார்க்காரப் பெண்ணிடம். நாற்பது வயதை நெருங்குகிற நான், ஆறாம் வகுப்பில் ஒப்பிக்க வேண்டுமே என்று மனிதர்களிடம் பேசிப் பழகினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாரம் முழுக்க நான் வெள்ளிக்கிழமைக்காகத்தான் காத்திருந்தேன்.

பிள்ளைகளின் குணம் வளர்ந்ததா என்றால் எனக்குத் தெரியாது. அதே வாரங்களில்தான் இரண்டு காம்பஸ் பெட்டிகள் காணாமல் போயின.

தீபாவளி விடுமுறைக்கு முன் படிவங்கள் வந்தன. இந்தத் திட்டம் பற்றி ஆசிரியர்களின் கருத்து என்ன? தொடரலாம் என்று ஒரு கட்டம், வேண்டாம் என்று ஒரு கட்டம், கீழே காரணம் எழுத நான்கு வரி. மனம் திறந்து எழுதலாம், பெயர் எழுத வேண்டாம் என்று மேலே போட்டிருந்தது. தலைமை ஆசிரியை படிவங்களை விநியோகித்தபோது, “எல்லாருக்கும் கட்டாயம் இல்ல. ஒரே ஒருத்தர் வேணும்னு சொன்னாலும் அவங்க கிளாஸ்ல நடக்கட்டும்” என்றார். எனக்கு மூச்சு வந்தது.

எல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய படிவங்கள். எங்கள் ஆசிரியர் அறையில் ஆங்கிலக் காகிதம் எது வந்தாலும் அது என் மேஜைக்கு வந்துவிடும். லீவு லெட்டர், பேங்க் விண்ணப்பம், மச்சினன் வேலைக்கு மனு, எதுவானாலும் மதராசி மேடம்தான். கூலி ஒரு வடாபாவும் அரை டீயும். அன்றும் பதினைந்து படிவங்கள் வந்து குவிந்தன. அவரவர் மராத்தியில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். போர்ஷன் முடியவில்லை. பெஞ்சை இழுத்து இழுத்துக் கால் உடைகிறது. குணம் வீட்டிலிருந்து வர வேண்டும். “இருபது வருஷமா பிள்ளைங்கள வளக்குறேன், இனிமே புஸ்தகம் பாத்து வளக்கணுமா?” என்று கேட்டார் ஒரு மூத்த ஆசிரியை. அவர்கள் சொன்னதில் பாதி நியாயம்தான். அந்த நியாயத்தை நான் நல்ல ஆங்கிலத்தில், ஒருவருடையது போல இன்னொருவருடையது இல்லாமல், பெருமையோடுதான் எழுதினேன்.

நடுவில் ஒருமுறை, “கொஞ்சம் பிரயோஜனம் இருக்கே சார்” என்று பூகோள ஆசிரியரிடம் சொல்லிப் பார்த்தேன்.

“உங்களுக்கென்ன மேடம், வீட்டுக்குப் போனா ஆள் இல்ல. ஸ்கூல்லயாவது நாலு பேர் சுத்தி உக்காந்து பேசட்டும்னு நெனைக்கிறீங்க” என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் அறை காலியான பிறகு என் படிவத்தை எடுத்து, தொடரலாம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். காரணம் எழுதப் பேனா ஓடவில்லை. அவர் சொன்னதுதான் காரணம். அதை எந்த ஆங்கிலத்தில் எழுதுவது? நான்கு வரியையும் காலியாக விட்டு, மற்றவற்றோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். பூகோள ஆசிரியர் வருகைப் பதிவேட்டோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். மேஜையில் என் படிவம் தனியாகக் கிடந்தது.

“எல்லாமே உங்க கையெழுத்து. ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க, தேங்க்ஸ்” என்றார் தலைமை ஆசிரியை. “இது ஒண்ணுல மட்டும் தொடரலாம்னு இருக்கு. காரணமும் எழுதல. இது யாரோடது? யாராவது நெஜமாவே கேட்டாங்களா, இல்ல கை தவறி டிக் பண்ணிட்டீங்களா?”

என்னுடையது என்று சொல்லியிருந்தால் போதும். வெள்ளிக்கிழமை எனக்கே கிடைத்திருக்கும். அவர் நல்ல மனுஷி, கொடுத்திருப்பார்.

“பதினாறு எழுதினா யாருக்குத்தான் கை தவறாது” என்றார் பூகோள ஆசிரியர் எனக்குப் பரிந்துகொண்டு.

“ஆமா மேடம், கை தவறிடுச்சு” என்றேன்.

தலைமை ஆசிரியை தன் பேனாவை நீட்டினார். என் டிக்கை நானே குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, வேண்டாம் என்ற கட்டத்தில் போட்டேன். நேரம் போதவில்லை என்று காரணமும் எழுதினேன். அது மட்டும் தடையில்லாமல் வந்தது.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளைக்கு நான் வகுப்புக்குள் நுழைந்தபோது பெஞ்சுகள் சுவரோரம் போயிருந்தன. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

“பெஞ்செல்லாம் பழையபடி போடுங்க. இனிமே இது கணக்கு” என்றேன்.

தமிழ்ப் பெண் எழுந்திருக்கவில்லை.

“யாரு டீச்சர் வேணாம்னது?”

“டீச்சருங்க எல்லாரும்.”

“நீங்ககூடயா?”

“ஆமா. நானுந்தான்.”

அவள் எழுந்து தன் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தாள். பெஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு பின்னக் கணக்கு எழுதினேன். பின்னால் சத்தம் அடங்கிய பிறகும் திரும்ப முடியாமல், இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று என்று எழுதிக்கொண்டே இருந்தேன்.