மினுக்கும் பருப்பு

மருமகள் வாங்கிவைத்திருக்கும் துவரம்பருப்பு டப்பாவை இன்று திறந்து முகர்ந்தேன். மண்வாசனையே இல்லை. ஆனால் வெள்ளைக்காரத் துரை காலத்தில், மலாயாவில் லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில், அம்மா முழுத்துவரையை ஊறவைத்து, செம்மண் பூசி, மழை விட்ட நேரம் பார்த்துக் காயவைத்து, திருகையில் கரகரவென்று உடைக்கும்போது எழுந்த வாசனை மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

ஆற்றுக்கு அப்பால் மரம் வெட்டும் கூட்டத்தில், தீட்டிய அரிசியே தின்று சிலருக்குக் கால் வீங்கிவிட்டதாகத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து வழவழப்பான எதன்மேலும் அம்மாவுக்கு நம்பிக்கையில்லை. கடைப் பருப்பை முந்தானையில் தேய்த்துப் பார்ப்பாள்.

“இது எதுக்கு இப்படி மினுக்கிக்கிட்டு வருது? பொண்ணு பாக்கவா போவுது?”

“நல்லா தீட்டுன சரக்கும்மா, சுத்தம்” என்பார் கடைக்காரர்.

“பால்மரத்துப் பாலும் பாக்க சுத்தமாத்தான் இருக்கு, குடிப்பீங்களாண்ணே?” என்று ரப்பர் மரங்களைக் காட்டுவாள் அம்மா.

நாங்கள் வேறு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தால், வாசலிலேயே நிறுத்தி, செம்மண் ஒட்டிய கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பிடித்து, விரலை எடுத்ததும் குழி நிற்கிறதா என்று உற்றுப் பார்ப்பாள். சதை மேலெழும்பினால்தான் உள்ளே விடுவாள்.

இன்று காலை டாக்டர் என் காலில் அதே இடத்தில் அழுத்தினார். குழி நின்றது. வயசாகிவிட்டது, இருதயம் பலவீனம் என்று அவர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் நின்ற மருமகளைத் திரும்பிப் பார்த்தேன். வீடு திரும்பியதும் முதலில் அவளுடைய பருப்பு டப்பாவைத்தான் திறந்தேன்.