நாற்பது படகுகளுக்கு ஒரே வீட்டு எண்

அந்தக் கணினி ஸ்கிரிப்டை எழுதி முடித்தபோது சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உப்பளம் என்ற பகுதியில் நான் வேலை பார்த்த சின்ன அலுவலகம், காற்று எச்சரிக்கை வந்தால் மீனவர் வீடுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். ஒவ்வொரு படகுக்கும் அதன் விவரங்கள் அடங்கிய ஒரு கான்ஃபிக் கோப்பு. அதில் அலுவலகம் என்பதன் கீழ் ஒரு போன் எண், வீடு என்பதன் கீழ் இன்னொன்று. அலுவலக எண் மாறிவிட்டது. நாற்பது கோப்புகளைக் கையால் திருத்த எனக்கென்ன பைத்தியமா? 'போன்' என்று இருக்கும் இடத்தில் புது எண்ணைப் போடு என்று எழுதினேன். எந்தப் போன் என்று எழுதவில்லை.

சோதிக்காமல் இல்லை. எங்கள் அண்ணன் படகின் கோப்பில்தான் சோதித்தேன். நான் அங்கே வேலை செய்ததால், வீட்டு எண்ணாகவும் அலுவலக எண்ணையே கொடுத்திருந்தோம். இரண்டும் சரியாக மாறின. நகல்கூட எடுக்காமல் மற்ற கோப்புகளிலும் ஓடவிட்டேன்.

மறுநாள் மதியம் எச்சரிக்கை வந்தது. மேசைமேல் இருந்த அலுவலகப் போன் ஒலித்தது. மறுபடி ஒலித்தது. நிற்கவே இல்லை. நாற்பது வீடுகளுக்குப் போக வேண்டிய செய்தி என் முன்னால் வந்து விழுந்துகொண்டிருந்தது. கடலில் இருந்த அண்ணனை அழைத்தேன். "கண்ணுக்குத் தெரியறவங்களுக்குச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றான். மற்றவர்களின் எண்களை நானே அழித்திருந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் மீனவக் குப்பமான பிள்ளைச்சாவடிக்குப் பறந்தேன். பாவி, பாவி என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

வீடு வீடாக ஓடி, கடலுக்குப் போனவர்களைப் போனில் கூப்பிடச் சொன்னேன். அதற்குள் காற்று பிடித்துவிட்டது. படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் மட்டும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

"எங்களுக்கு மெசேஜே வரலயே பாப்பா. ஒண்ணும் இல்லன்னு இருந்துட்டேன். உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று அக்கா கேட்டாள்.

"என் தப்புதான்க்கா. எல்லார் நம்பரையும் நான்தான் மாத்தித் தொலைச்சிட்டேன்."

கரையேறி நின்ற எங்கள் படகை அவள் பார்த்தாள்.

"உங்க அண்ணன் நம்பர் மட்டும் தொலையலயே."

இருட்டுவதற்குச் சற்று முன், வலையை அறுத்துவிட்டு அக்காவின் கணவர் வந்து சேர்ந்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அவள் இன்றுவரை என்னிடம் பேசவில்லை.