காஜா பெராங்கில் கிடைத்த மைக்கா வட்டம்

அலோர் காஜாவிலிருந்து மலாக்கா டவுனின் காஜா பெராங் வரை பதினைந்து மைல். இன்று காரில் அரை மணி நேரம்தான். ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு நான்கு மணி நேரம் பிடித்தது. சைக்கிளுக்கு டயர் கிடைக்காமல் செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வளைத்துக் கட்டியிருந்தேன். வழியில் இருந்த ஒவ்வொரு கல்லும் பல்லில் தெரிந்தது.

போன காரணம், எங்கள் ஊர் ஆபீஸ் ரேடியோவில் ஒரு கண்டென்சர் செத்துவிட்டது; அதற்குள் வைக்க மைக்கா என்னும் மெல்லிய கனிமத் தகடு வேண்டும். பழுது பார்ப்பவன் நான். புதன்கிழமை ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னார்: "ஒன் பேரு சயாம் லிஸ்ட்ல இருக்கு. சனிக்கெழம ரேடியோ பாடுனாதான் அடிப்பேன். நான் என்ன செய்ய?" சயாமில் ரயில் பாதை போடப் போன ஒருவரும் அதுவரை எங்கள் ஊருக்குத் திரும்பியிருக்கவில்லை.

வியாழன் காலை எட்டுக்குக் கிளம்பினேன். எட்டு என்பது தோக்கியோ நேரம். நம் சூரியனுக்கு ஆறரை. (கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை பாவிகள்.) டவுனில் ஏறி இறங்கிய கடை எதிலும் மைக்கா இல்லை. ஒரு கடை பாய்தான் வழி சொன்னார்: "கம்போங் செட்டில பிள்ளைன்னு ஒருத்தரு. ஒடஞ்ச கிராமபோன் வச்சிருக்காரு. அதுல இருக்கும், போய்ப் பாருங்க தம்பி."

கம்போங் செட்டி காஜா பெராங்கில் இருக்கிறது; பல தலைமுறைக்கு முன் குடியேறிய மலாக்கா செட்டிகளின் ஊர். அதனால் பிள்ளைக்குப் பெயர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். சயாம் லிஸ்ட் வரை எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். மறுபேச்சில்லாமல் கிராமபோனின் ஒலிப்பெட்டியைக் கழற்றி, அதிலிருந்த மைக்கா வட்டத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக் கோயிலுக்குள் போனார். அரை மணி நேரம் ஆளையே காணோம்! வந்தபோது அதை வெற்றிலையில் வைத்து நீட்டினார்.

நான் கையோடு கொண்டுபோயிருந்த சோதனைக் கருவி ஒரு பிஸ்கட் டின். உள்ளே கம்பிச்சுருள், இரண்டு தகடு. வெளியே டயல், மீட்டர். டயல் சரியான இடத்துக்கு வந்தால் முள் துள்ளும். தகடுகளுக்கு நடுவே மைக்காவைச் செருகினால் அந்த இடம் நகரும். எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு மின்சாரத்தை அது பிடித்துவைக்கும். முள்ளின் துள்ளல் குறைந்தால், மைக்கா மின்சாரத்தைத் தின்று சூடாக வீணாக்குகிறது என்று பொருள்.

செருகினேன். முள் படுத்தே கிடந்தது. மூன்று தடவை டயலைத் திருகியும் அசையவில்லை. வெளியே எடுத்துத் திருப்பினால், அடிப்பக்கம் ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம்!

"யோவ், மைக்காவுக்குப் பொட்டு வப்பாங்களாய்யா?" தமிழில் கத்தினேன்.

"கெனாப்பா மாரா?" என்றார் பிள்ளை, ஏன் கோபம் என்று. பிறகு மெதுவாக: "சூப்பாயா லூ தா நாயெக் கெரெத்தாப்பி."

நீ ரயில் ஏறாமல் இருக்கத்தான் என்று அர்த்தம்.

வேட்டி நுனியால் துடைத்து, கால் மணி நேரம் வெயிலில் காயவைத்துச் செருகினேன். டயல் ஏழு கோடு நகர்ந்தது. முள் நன்றாகத் துள்ளியது. பிள்ளை காசு வாங்கவில்லை. மொத்தச் செலவு, அவித்த மரவள்ளிக்குக் கொடுத்த இரண்டு வாழைமர நோட்டு, ஜப்பான்காரன் அச்சடித்த பணம்.

இந்த மாதிரி வேலையாகப் போகிறவர்களுக்கு என் புத்திமதி: உலர்ந்த துணி கொண்டுபோங்கள். பொருளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். கத்துவதற்கு முன் காரணம் கேளுங்கள்.

அந்த மைக்காவை வைத்துக் கட்டிய கண்டென்சரோடு சனிக்கிழமை ரேடியோ பாடியது. கிராணி என் கண் முன்னாலேயே என் பெயரை அடித்தார். லிஸ்டில் ஆள் குறையக் கூடாதாம். அதே கோட்டில் வேறொரு பெயரை எழுதினார். அவனுக்காகச் சாமியிடம் போய் நிற்க யாராவது இருந்தார்களா என்று நான் கேட்கவில்லை.