முள் இலை விட்ட ஜூனிபர்

ஜப்பானில் போன்சாய்க்குப் பேர்போன எங்கள் ஓமியாவில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற குனிஹேய், நாற்றுப் பண்ணையில் வாங்கிய ஜூனிபர் செடியை ஆறு ஆண்டுகளாகக் கம்பி சுற்றி வளைத்துப் போன்சாய் ஆக்கிவந்தார். இந்த இலையுதிர்காலக் கண்காட்சியில் அதை வைப்பதே அவர் ஆசை. அதை நடத்தும் போன்சாய் சங்கமும் இடம் ஒதுக்கிவிட்டது.

ஏப்ரலில் கை நிற்காமல், ஒரே நாளில் கிளைகளை ஒட்ட வெட்டிவிட்டார். அளவுமீறி வெட்டினால் ஜூனிபர் மிரண்டுபோய், மென்மையான செதில் இலைக்குப் பதிலாக முள் இலை விடும். கோடையில் மரம் முழுக்க முள்.

"என்னங்க, முள்ளம்பன்றியா வளக்கறீங்க?" என்றாள் மனைவி ஃபுசாயே.

பக்கத்து வீட்டுக்காரனான நான், "முள்ளைக் கிள்ளிட்டு வெச்சிருங்கண்ணே, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"கிள்ளுனா இன்னும் முள்ளுதான் வரும்ப்பா. தொடாம விட்டா ரெண்டு மூணு வருஷத்துல தானா அடங்கிடும்."

"உங்களுக்கு எழுபத்தொம்பது ஆவுது," என்றாள் ஃபுசாயே.

"அது மரத்துக்குத் தெரியாதே."

அன்று மாலையே சங்கத்துக்குப் போய், தன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு கத்தரியைத் துடைத்து மனைவியிடம் நீட்டினார்.

"எங்கயாவது ஒளிச்சு வை. நான் கேட்டாலும் குடுக்காத."

"இதை ஏப்ரல்லயே குடுத்திருக்கலாம்," என்று வாங்கிக்கொண்டாள் ஃபுசாயே.