கூடாரத்தின் ஜன்னலை மூடியவன்

தொண்ணூறுகளின் கடைசியில், தில்லி விறைத்துப்போன ஒரு ஜனவரியில் நடந்தது இது. கரோல் பாக்கில் கல்யாணப் பந்தல் போட்டுக் கொடுக்கும் டென்ட் ஹவுஸ் எனக்கு. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து, ஷாமியானாத் துணிப்பந்தலுக்குக் குழி தோண்டும் கூலியாகத் தொடங்கியவன், பத்தே வருடத்தில் முதலாளி ஆனேன். என் பந்தல் ஒன்றுகூடக் காற்றில் சாய்ந்ததில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

கல்லூரியில் படித்த என் மகள் தோழியிடமிருந்து சின்னக் கூடாரம் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். எங்கள் குடும்பம் சேர்ந்து போன முதல் சுற்றுலா அதுதான். ஹரியானா பக்கம் ஓர் ஏரிக்கரை. நான், மனைவி, மகள், பள்ளிக்கூடம் போகும் மகன். கூடாரத்தோடு வந்த ஆங்கிலத் தாளைப் பார்த்துப் பார்த்து அவளே கம்பிகளைக் கோத்து நிறுத்தினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தூறல் பிடித்தது. மனைவி குளிரில் நடுங்கினாள். கூடாரத்தின் உச்சியில் வலை வைத்த ஜன்னல் இருந்தது. அதையும் மூடித் தரைவரை தொங்கும்படி என் கடைத் தார்ப்பாயைப் போட்டு, ஓரமெல்லாம் மண் அணைத்தேன். பிறகு அங்கீட்டியைப் பற்றவைத்தேன். தில்லிக் கல்யாணங்களில் குளிருக்கு வைப்பார்களே, அந்தக் கரியடுப்பு. அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனேன்.

"அப்பா, ப்ளீஸ், உள்ள வேணாம். நெருப்பு வைக்கக் கூடாதுன்னு இதுல போட்டிருக்கு. ஜன்னலயும் மூடிட்டீங்க."

"காகிதத்தப் படிச்சுட்டு எனக்கே டென்ட்டு பாடமா? நீ பொறக்குமுன்ன இருந்து டென்ட்டு அடிக்கிறவன்டி ஒங்கப்பன். எத்தன கல்யாணத்துல அங்கீட்டி வச்சிருக்கேன்!"

"அது நாலு பக்கமும் தொறந்த ஷாமியானாப்பா."

"மேடம்ஜி லெக்சர் முடிஞ்சுதா?" என்றான் மகன். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் குடையை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

கதகதப்பில் மூவரும் கண் அசந்தோம். எனக்கு முழிப்பு வந்தபோது தலை பிளந்தது. பக்கத்தில் மனைவியின் வாய் திறந்தபடி இருந்தது. மகன் வாந்தி எடுத்துக் கிடந்தான். எல்லாம் தெரிந்தது, ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. சால்வை எடுக்க வந்த மகள் கத்தியது கேட்டது. தார்ப்பாயை உருவி எறிந்தாள். அம்மாவை இழுத்தாள், தம்பியை இழுத்தாள், கடைசியில் என் கனத்த உடம்பைக் காலைப் பிடித்து இழுத்தாள். ஈரப் புல்லில் முகம் பட்டதும்தான் எனக்கு மூச்சே வந்தது. பக்கத்து வயல்காரரின் டிராக்டரை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவள்தான்.

கரி நெருப்பின் விஷவாயு ஏறியதில் மனைவி கண் விழிக்க ஒரு நாள் ஆனது. பார்க்க வந்த உறவுக்காரர்களிடம் நான் சொன்னேன்: "நாந்தான் முழிச்சு எல்லாரையும் வெளிய இழுத்துப் போட்டேன். வேற ஆளா இருந்தா மூணு பொணம்."

டீ வாங்கி வந்த மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு டம்ளர் கொடுத்துவிட்டுப் போனாள். வருடக்கணக்கில் அந்தக் கதையைச் சொன்னேன். ஒரு தடவைகூட அவள் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு எதையுமே மறுக்கவில்லை. நான் பார்த்த மாப்பிள்ளைக்கும் "சரிப்பா" என்றாள். மூன்றே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். அவன் குடிப்பது நிச்சயத்துக்கு முன்பே அவளுக்குத் தெரியுமாம்.

"ஏன் தாயி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களே, அதற்குள் நெருப்பு வைக்காதீர்கள், காற்று வரும் வழியை அடைக்காதீர்கள். அன்று எங்களை இழுத்துப் போட்டவள் என் மகள் என்பதை இத்தனை வருடம் கழித்து இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன். இதை வாசித்துக் காட்டினாலும் அவள் "சரிப்பா" என்றுதான் சொல்வாள். அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அன்றைய கரிப்புகை இன்னும் என் நெஞ்சை அடைக்கிறது.