தொடாமல் ஓடும் வண்டி

வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளின் ஒரு கீற்றை நுழைத்து, மறுபக்கமாக இழுத்து எடுப்பார் சிவனணைந்தபெருமாள். காகிதம் எங்கும் சிக்காமல் வந்துவிடும். "பாத்தியளா சார், ஒட்டலை" என்பார். அடுத்து இன்னொரு கீற்று. அதுவும் வரும். "பாத்தியளா?" நான் தலையாட்டினாலும் விடமாட்டார். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டில் அவரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. அப்போதும் காகிதத்தை உருவிவிட்டு "பாத்தியளா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி என்று நான் சொல்வது சோப்புப் பெட்டி அட்டையில் செய்தது. ஜன்னல் வெட்டி, சிவப்பு மை பூசியிருந்தார். அதன் வயிற்றில் சிறு காந்தங்கள். கீழே நீளப் பலகையில் வரிசையாகப் பெரிய காந்தங்கள். ஒவ்வொன்றின் வடதுருவப் பக்கத்திலும் அடையாளத்துக்குச் சுண்ணாம்புப் பொட்டு. ஒரே துருவங்கள் எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளலில் வண்டி அந்தரத்தில் நிற்கும். பக்கவாட்டில் சரியாமலிருக்க இருபுறமும் கண்ணாடிச் சுவர் வைத்திருந்தார். விரலால் சுண்டிவிட்டால் சத்தமே இல்லாமல் பலகையின் மறுகோடிக்குப் போய்ச் சேரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், பொய் சொல்லக் கூடாது.

மேலகரத்தில் என் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. தொழில் மைக் செட் வாடகைக்கு விடுவது. நாற்பது தாண்டியவர், ஒடிசலான உடம்பு. நேருக்கு நேர் நின்று பேசும்போதும் முதலில் "அலோ" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பெரிய அருவிக்கரையில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி உட்கார்ந்திருப்பார். பச்சைப் பாவாடை கட்டிய சிறுமியைக் காணோம், சங்கரன்கோவில்காரர் எங்கிருந்தாலும் வரவும், என்று அறிவித்தபடி இருப்பார். அழுதுகொண்டு வருகிறவர்கள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு போவார்கள். போகிற அவசரத்தில் இவர் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சைனாச் சண்டை முடிந்த வருஷம், பொட்டலம் கட்டி வந்த ஒரு பத்திரிகைத் தாளில் அந்தச் செய்தியைப் படித்திருக்கிறார். சக்கரமே இல்லாமல், காந்தத்தின் பலத்தில் தண்டவாளத்துக்கு மேலே மிதந்து ஓடும் ரயிலுக்கு வெளிநாட்டில் முயற்சி நடக்கிறதாம். அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு.

"தேய்மானம்னா என்ன சார்? தொடுததுதான் தேய்மானம். சக்கரம் தண்டவாளத்தத் தொடுது, ரெண்டும் தேயுது, வேகமும் போயிருது. தொடலைன்னா எது தேயும்? அது பாட்டுக்குப் பறக்கும்லா! காலையில தென்காசியில காப்பியக் குடிச்சிட்டு ஏறுனா, மத்தியானச் சாப்பாடு மெட்ராஸ்ல."

கொல்லம் மெயிலில் கரித்தூளைக் கண்ணில் வாங்கிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து போகிறவன் நான். அதனால் கொஞ்சம் சீண்டிப் பார்த்தேன். "அவ்வளவு வேகமாக மதராசுக்குப் போய் என்ன செய்யப்போகிறீர்கள்?"

சற்று யோசித்தார். "சட்டுனு திரும்பி வந்திரலாம்லா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஏனென்றால் அவர் மனைவி குழல்வாய்மொழி இருப்பது மதராசில் இல்லை, கடையத்தில். தென்காசியில் ரயிலேறி இரண்டு பேரோடு ஊர்க்கதை பேசி முடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர். அங்கே தம்பி பேச்சிமுத்துவின் வீட்டுக்கு அவள் போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. மனிதர் ஒரு தடவைகூடப் போய்க் கூப்பிடவில்லை. கேட்டால் "வருவா, வருவா" என்பார். அடுப்பில் பூனை படுத்திருக்கும்.

அவள் போனதற்குக் காரணம் அந்தக் கண்ணாடிச் சுவர். கல்யாணப் போட்டோவின் கண்ணாடியைக் கழற்றி, வைரக்கத்தி வாங்கி வந்து இரண்டாக அறுத்து வண்டிக்கு வைத்துவிட்டார். அவள் சண்டை போடவில்லை. கண்ணாடி இல்லாத போட்டோவைச் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்: "வீட்டுல ஒருத்தி இருக்கான்னு அந்த மனுசனுக்கு மைக்கு வச்சித்தான் சொல்லணும் மதினி."

காந்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? அங்கேதான் வினையே. குழாய்க்குப் பின்னால் யூனிட் என்று ஒன்று இருக்கிறது. சத்தம் அதிலிருந்துதான் பிறக்கிறது, அதன் உள்ளே நல்ல கனமான காந்தம். வேலை இல்லாத மாதங்களில் யூனிட்டுகளைப் பிரித்துக் காந்தத்தை எடுத்துப் பலகையில் பதிப்பார். கோயில் கொடை, கல்யாணம் என்று ஆள் வந்தால் திரும்ப மாட்டுவார். தென்காசியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் மைதீன் தலையில் அடித்துக்கொள்வார். "அண்ணாச்சி, அத வெளிய எடுத்தாலே பாதிச் சத்து போயிரும். நீங்க ஒண்ணுக்கு ஒண்ணு எதிரா வேற வச்சு தள்ள விடுதிய. மிச்சமும் போயிரும்."

போய்க்கொண்டுதான் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் குழாயின் குரல் கம்மியது. இந்தச் சாரலில் அருவி இரைச்சலுக்கு முன்னால் இவர் அறிவிப்பு எடுபடவேயில்லை. ஒரு தாய் பிள்ளையைத் தேடி வெகுநேரம் அலைந்த பிறகு, அருவிக்கரைக்கு வேறு செட் வந்துவிட்டது. இவர் குழாய்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தார்.

ஆவணி பிறந்ததும் பேச்சிமுத்து வந்தான். நானும் அங்கே இருந்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அத்தான், வார செவ்வாக்கிழம எங்க சுடலைமாடனுக்குக் கொடை. உங்க செட்டுதான் கட்டணும்னு அக்கா சொல்லுதா. ஊர் பூரா கேக்கணுமாம். கேட்டா மறுநா உங்ககூட ரயிலேறிருவாளாம். கேக்கலைன்னா, அவள இனி மறந்திரச் சொல்லுதா."

அவன் தெருமுனை திரும்புவதற்குள் சிவனணைந்தபெருமாள் பலகையைக் கவிழ்த்துவிட்டார். சுண்ணாம்புப் பொட்டுகளை ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொரு காந்தமாக யூனிட்டுக்குள் வைத்து முடுக்கினார். "இனி எடுக்க மாட்டேன் சார்" என்று என்னிடம் சொன்னார். நானாக அவரிடம் ஒன்றும் கேட்கவே இல்லை. மைதீனிடம் ஓடினார். காந்தத்துக்குச் சத்து ஏற்றுகிற மிஷின் மெட்ராசில்தான் இருக்கிறது, போய் வரப் பத்து நாளாகும் என்றார் மைதீன். இவருடைய ரயில் மட்டும் ஓடியிருந்தால் அன்று மாலையே வேலை முடிந்திருக்கும். அதைச் சொல்லிக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நானும் துணைக்குப் போனேன். சலவை வேட்டி கட்டியிருந்தார். வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டி, "அலோ, அலோ" என்றார். பரவாயில்லை போலத்தான் இருந்தது. உச்சிவேளைப் பூஜைக்கு முன்னால் வில்லுப்பாட்டு தொடங்கி, குடமும் உடுக்கும் சேர்ந்ததும் குழாய் முனகத் தொடங்கியது. முன்வரிசைக்கு அப்பால் ஒன்றும் போகவில்லை. "ஏலே மைக்கு! ஒறங்குதியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. அவர் ஆம்ப்ளிஃபயரின் திருகைத் திருப்பிக்கொண்டேயிருந்தார். அது ஏற்கெனவே கடைசிவரை வந்துவிட்டதை நான் பார்த்தேன். பெண்கள் பக்கம் மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

பாவூர்சத்திரத்திலிருந்து வேறு செட் வந்து இறங்கியது. பேச்சிமுத்து இவர் அருகில் வந்து, முகத்தைப் பார்க்காமல், "கழத்திருங்க அத்தான்" என்றான். குரலில் கோபம் இல்லை.

ஸ்விட்சை அணைத்தார். மரத்திலேறிக் குழாயை இறக்கினார். கோயில் வாசலிலிருந்து கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்திருந்த ஒயரை, கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாகப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தார். அது ஆட்களின் காலடியிலும் கடைக்காரர்களின் பந்தக்காலிலும் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. குனிந்தபடியே இழுத்தார். புதிய செட் ஊரையே அதிரவைத்துக்கொண்டிருந்தது.

திடீரென்று ஒயர் லேசாக வந்தது. நிமிர்ந்து பார்த்தார். மறுநுனியைக் குழல்வாய்மொழி பிடித்திருந்தாள். சிக்கிய இடங்களில் எடுத்துவிட்டு, இழுபடாமல் தளர்த்திக் கொடுத்தபடி, அவர் சுற்றச் சுற்ற நடந்து வந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்த அலறலில் பேசினாலும் கேட்டிருக்காது.

இருவருக்கும் நடுவில் ஒயர் குறைந்துகொண்டே வந்தது. தீர்ந்ததும் நுனியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாளா, கூட வருவாளா என்று நான் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து முழம் மிச்சமிருக்கும்போது, சிவனணைந்தபெருமாள் சுற்றுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.