செக்போஸ்ட் வரை ஒரு நடை

சர்க்கரைக்குக் காட்டப் போன இடத்தில், "முன்னாடி எல்லாம் நடப்பீங்களா?" என்று டாக்டர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"தெனமும் கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் போயிட்டு வருவனுங்க. எங்க நாய் மணியும் கூட வருவான்."

"அதையே மறுபடி ஆரம்பிங்க," என்றார் டாக்டர்.

முழங்கால் வலியில் நின்றுபோன அந்த நடை இன்று காலை தொடங்கியது. துணைக்கு நானும் போனேன்.

பாதி வழியில் ஒரு பேக்கரி. மணி யாரையும் கேட்காமல் உள்ளே திரும்பி, பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

கடைக்கார பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாங்கண்ணா! ஆளையே காணோமுங்களே. எப்பவும் போல உங்களுக்குச் சக்கரை தூக்கலா டீ, மணிக்கு வடை, அப்படித்தானுங்க?"

"ஏனுங்க, செக்போஸ்ட்டு எங்கீங்க?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். "அதா, தெரியுது பாரு புள்ள."

பொய் சொல்கிற முகமே இல்லை. மனதுக்குள் அவர் தினமும் அங்கே போய்த்தான் வந்திருக்கிறார்.

அடுத்த முறை டாக்டர் என்னைத்தான் சாட்சிக்குக் கேட்பார். நானும் ஒரு வடை தின்றுவிட்டேன். என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.